அமெரிக்க மத்திய அரசின் கொள்முதல், திட்ட மேலாண்மைச் சான்றிதழ்கள்: எதை முதலில் செய்வது, எங்கே தடுக்கும்

புதிதாகச் சேருபவர்கள் முதல் வாரமே பயிற்சி வகுப்புப் பட்டியலைத் திறந்து, கண்ணில் பட்டதற்கெல்லாம் பதிவு செய்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வகுப்பு முடித்த தாள்கள் ஏழெட்டு இருக்கும், சான்றிதழ் இருக்காது. வகுப்புகள்தான் இதில் சுலபமான பகுதி. எந்தச் சான்றிதழ் என்று தீர்மானிப்பது, அனுபவத்தை எழுத்தில் நிரூபிப்பது, விண்ணப்பம் யார் மேசையில் நிற்கிறது என்று பார்ப்பது ஆகிய மூன்றில்தான் காலம் போகிறது. அதனால் இந்த வழிகாட்டி வகுப்பில் ஆரம்பிக்கவில்லை.

1. இது உங்களுக்குப் பொருந்துமா?

எஃப்ஏசி (மத்திய அரசின் கொள்முதல் சான்றிதழ்) என்ற முன்னொட்டோடு வரும் சான்றிதழ்கள் அமெரிக்க மத்திய அரசின் சிவில் ஏஜென்சி, அதாவது பாதுகாப்புத் துறை அல்லாத துறை, ஊழியர்களுக்கானவை. மூன்று வகை: ஒப்பந்தம் போடுபவர்களுக்கு எஃப்ஏசி-சி, ஒப்பந்த அதிகாரியின் பிரதிநிதிகளுக்கு எஃப்ஏசி-சிஓஆர், திட்ட மேலாளர்களுக்கு எஃப்ஏசி-பிபிஎம்.

பாதுகாப்புத் துறையில் இருந்தால் உங்கள் பாதை வேறு. அங்கே 1990-இல் வந்த டாவியா சட்டத்தின் கீழ் தனிச் சான்றிதழ்கள் உள்ளன. சிஓஆர்களையும் அவர்கள் ஏ, பி, சி என்று வகை பிரிக்கிறார்கள். பக்கத்து வீட்டு நண்பர் ராணுவத் தளத்தில் வேலை செய்கிறார் என்பதற்காக அவருடைய பட்டியலை வாங்கி வந்து பின்பற்றக் கூடாது. வகுப்புகள் ஒன்றாக இருக்கலாம், விண்ணப்ப வழி ஒன்றல்ல.

ஒப்பந்த நிறுவனத்தின் வழியாக அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்: “எனக்கும் எஃப்ஏசி எடுக்க முடியுமா?” முடியாது. உங்கள் பேட்ஜ் அரசு வளாகத்துக்குள் விட்டாலும் நீங்கள் அரசு ஊழியர் இல்லை. அரசின் போட்டிப் பணிகளில் சேர ஏறக்குறைய எப்போதும் அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், கிரீன் கார்டு போதாது. அந்த நிலையில் இருப்பவர்கள் என்சிஎம்ஏ என்ற ஒப்பந்த மேலாண்மைச் சங்கம் தரும் சிஎஃப்சிஎம் போன்ற தனியார் சான்றிதழை எடுக்கலாம். இப்போதைய எஃப்ஏசி-சியும் என்சிஎம்ஏவின் ஒப்பந்த மேலாண்மைத் தரத்தை அடிப்படையாகக் கொண்டதுதான், ஆகவே படிப்பு வீணாகாது.

2. எந்தச் சான்றிதழ், எந்த நிலை

ஆசையை வைத்து நிலையைத் தேர்வு செய்யாதீர்கள். உங்களுக்கு வரப்போகும் நியமனத்தை வைத்துத் தேர்வு செய்யுங்கள். சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “அடுத்த ஒரு வருடத்தில் என்னை எந்த ஒப்பந்தத்துக்கோ திட்டத்துக்கோ நியமிக்கப் போகிறீர்கள்?”

1102 என்ற எண் கொண்ட அரசுப் பணித் தொடரில் ஒப்பந்த நிபுணராகச் சேர்ந்திருந்தால் எஃப்ஏசி-சி. இதில் முன்பு மூன்று நிலைகள் இருந்தன. 2023 பிப்ரவரி முதல் ஒரே நிலைதான். ‘லெவல் 1, லெவல் 2’ என்று பேசும் எஃப்ஏசி-சி குறிப்பு எதைக் கண்டாலும் அது பழையது, ஒதுக்கிவிடுங்கள்.

சிஓஆருக்கு நிலைகள் இன்னும் உண்டு. முதல் நிலை, சிக்கல் குறைந்த, ஆபத்து குறைந்த ஒப்பந்தங்களுக்கு: 8 மணிநேரப் பயிற்சி, அனுபவம் தேவையில்லை. இரண்டாம் நிலை, நடுத்தரம் முதல் அதிகச் சிக்கலான ஒப்பந்தங்களுக்கு: 40 மணிநேரம், ஓராண்டு சிஓஆர் அனுபவம். மூன்றாம் நிலை, ஏஜென்சியின் மிக முக்கியமான, மிகச் சிக்கலான ஒப்பந்தங்களுக்கு: 60 மணிநேரம், இரண்டாண்டு அனுபவம். அந்த இரண்டாண்டும் நடுத்தரமோ அதிகமோ சிக்கல் உள்ள ஒப்பந்தங்களில் வந்திருக்க வேண்டும்.

இங்கேதான் பலர் முட்டிக்கொள்கிறார்கள். சிஓஆராக இருந்தால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் இரண்டாம் நிலை. இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழி, முதல் நிலையை உடனே வாங்கி ஒரு சின்ன ஒப்பந்தத்தையாவது கையில் எடுப்பது. ஒரு வாரத்துக்குள் முடித்துவிடலாம். “எப்படியும் இரண்டாம் நிலை எடுக்கப் போகிறேன், முதல் நிலை எதற்கு?” என்று காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வருடமும் அவர்கள் அதே இடத்தில்தான் நின்றார்கள்.

எஃப்ஏசி-பிபிஎம்மில் தொடக்கம், இடைநிலை, முதுநிலை என மூன்று. தொடக்க நிலைக்குக் கடந்த 5 ஆண்டுகளுக்குள் ஓராண்டுத் திட்ட மேலாண்மை அனுபவம். இடைநிலைக்கு அதே 5 ஆண்டுகளுக்குள் இரண்டாண்டு. முதுநிலைக்குக் கடந்த 10 ஆண்டுகளுக்குள் நான்காண்டு, அதில் ஓராண்டாவது மத்திய அரசுத் திட்டத்தில் இருக்க வேண்டும். ஏஜென்சி பெரிய கொள்முதல் என்று வகைப்படுத்திய திட்டங்களை நடத்துபவர்களுக்கு முதுநிலை தேவை. தனியார் ஐடி நிறுவனத்தில் 12 வருடம் புராஜெக்ட் மேனேஜராக இருந்துவிட்டு அரசுக்கு வருபவர் நேரே முதுநிலைக்கு விண்ணப்பித்தால் மாட்டிக்கொள்வது அந்த ஓராண்டில்தான்.

3. பட்டப்படிப்புத் தாள்களை இப்போதே எடுத்து வையுங்கள்

இது 1102 தொடருக்கு வருபவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

1102 பணிகளுக்கு ஓபிஎம் என்ற மத்திய அரசுப் பணியாளர் அலுவலகம் வைத்திருக்கும் தகுதிவிதியில் ஜிஎஸ்-5 முதல் ஜிஎஸ்-12 வரையான சம்பளப் படிநிலைகளுக்கு ஏதாவது ஒரு பாடத்தில் நான்காண்டு இளநிலைப் பட்டம் அல்லது கணக்கியல், வணிகம், நிதி, சட்டம், பொருளியல், மேலாண்மை போன்ற பாடங்களில் 24 செமஸ்டர் மணிநேரம் (கல்லூரி கிரெடிட்) வேண்டும். ஜிஎஸ்-13 முதல் ‘அல்லது’ போய் ‘மற்றும்’ வந்துவிடுகிறது. பட்டமும் வேண்டும், 24 மணிநேரமும் வேண்டும்.

இந்தியாவிலோ இலங்கையிலோ படித்திருந்தால் பட்டத்தை அமெரிக்க மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் கொடுத்து மதிப்பீடு வாங்க வேண்டும். நேசஸ் என்ற, இத்தகைய மதிப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பில் உறுப்பினராக உள்ள நிறுவனமாகப் பார்த்துக் கொடுங்கள். கேட்கும்போது பாடவாரி மதிப்பீடு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். எந்த அமெரிக்கப் பட்டத்துக்குச் சமம் என்பதை மட்டும் ஒரு வரியில் சொல்லும் மலிவான மதிப்பீடும் உண்டு. அதில் எந்தப் பாடத்துக்கு எத்தனை மணிநேரம் என்று இருக்காது, ஆகவே 24 மணிநேரத்தைக் காட்ட அது உதவாது. காசு மிச்சம் என்று அதை வாங்கி, பிறகு மறுபடி பணம் கட்டியவர்கள் நிறைய.

மூன்றாண்டு பி.காம். படித்தவர்களுக்கும் நான்காண்டு பி.இ. படித்தவர்களுக்கும் சிக்கல் நேர் எதிராக வரும். பி.காம். பட்டத்தைப் பல மதிப்பீட்டு நிறுவனங்கள் மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பு என்றுதான் எழுதித் தருகின்றன. முழு இளநிலைப் பட்டமாக ஏற்காமல் போகலாம், ஆனால் 24 மணிநேரம் தாராளமாகத் தேறும். பி.இ. பட்டம் பட்டமாகத் தேறிவிடும். ஆனால் பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட் மாதிரி ஒன்றிரண்டு தாளைத் தவிர வணிகப் பாடம் இருக்காது. ஜிஎஸ்-12 வரை இரண்டு பேருக்கும் பிரச்சினை தெரியாது. ஜிஎஸ்-13 பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

குறை இருந்தால் கம்யூனிட்டி காலேஜில் ஈடுகட்டலாம். ஒரு பாடம் பெரும்பாலும் 3 மணிநேரம், ஆக எட்டுப் பாடம் படித்தால் 24. இதைப் பதவி உயர்வு அறிவிப்பு வந்த பிறகு செய்ய முடியாது என்பதால்தான் மூன்றாவது படியாக வைத்திருக்கிறேன்.

4. கணக்கைத் திறந்து, சூப்பர்வைசர் பெயரைச் சரிபாருங்கள்

சிவில் ஏஜென்சிகளின் பயிற்சிப் பதிவு, விண்ணப்பம், தொடர்கல்விப் புள்ளி எல்லாம் எஃப்ஏஐ சிஎஸ்ஓடி என்ற தளத்தில் நடக்கின்றன. முன்பிருந்த ஃபைடாஸ் தளம் இப்போது இல்லை.

உள்ளே போனதும் வகுப்புகளைத் தேடாமல் முதலில் உங்கள் சுயவிவரப் பக்கத்துக்குப் போங்கள். மூன்று விஷயம் சரியா என்று பாருங்கள்: ஏஜென்சியும் அதன் உட்பிரிவும், அலுவலக மின்னஞ்சல், சூப்பர்வைசர் பெயர். மூன்றாவதுதான் முக்கியம். வகுப்புக்கான ஒப்புதலும் சான்றிதழ் விண்ணப்பமும் அந்தப் பெயருக்குத்தான் போகும்.

நான் முதல் தடவை விண்ணப்பித்தபோது அதில் இருந்தது வேறு பிரிவுக்கு மாறிப்போயிருந்த பழைய சூப்பர்வைசரின் பெயர். விண்ணப்பம் ‘நிலுவையில்’ என்று காட்டிக்கொண்டே இருந்தது. ஒப்புதல் தருபவர்கள் பிஸியாக இருக்கிறார்கள் என்று நினைத்து ஐந்து வாரம் மரியாதையாகக் காத்திருந்தேன். அவருக்கோ என் விண்ணப்பம் எதற்குத் தனக்கு வந்தது என்றே தெரியவில்லை. இப்போது யார் வந்து “நிலுவையில் இருக்கிறது” என்றாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, “யாரிடம்?”

இன்னொன்று: ஒவ்வொரு ஏஜென்சியிலும் கொள்முதல் பணியாளர்களின் சான்றிதழ்களைக் கவனிக்க ஏசிஎம் என்று ஒருவர் இருப்பார். அவர் பெயரை இன்றே குறித்துக்கொள்ளுங்கள். அரசு முழுமைக்குமான விதி குறைந்தபட்சம்தான், அதற்கு மேல் ஏஜென்சி சேர்க்கும் நிபந்தனைகள் அவரிடம்தான் தெரியும்.

5. வகுப்புகள்: வரிசை மாறினால் என்ன ஆகும்

எஃப்ஏசி-சிக்கு, டிஏயு என்று அறியப்பட்ட பாதுகாப்புத் துறைக் கொள்முதல் பல்கலைக்கழகத்தின் நான்கு வகுப்புகள்: கான் 1100வி, 1200வி, 1300வி, 1400வி. முதலாவது அடிப்படை, இரண்டாவது ஒப்பந்தத்துக்கு முந்தைய கட்டம், மூன்றாவது ஒப்பந்தம் வழங்குவது, நான்காவது வழங்கிய பிறகான நிர்வாகம். ஒரு ஒப்பந்தம் பிறந்து முடியும் வரிசையே வகுப்புகளின் வரிசை. கடைசியில் கான் 3990வி என்ற தேர்வு. இவற்றோடு 12 மாத ஒப்பந்தப் பணி அனுபவமும் வேண்டும்.

தேர்வை 1400வி முடிந்த கையோடு எழுதிவிடுவது நல்லது. அது நான்கு வகுப்பையும் சேர்த்துக் கேட்கும் தேர்வு. “இன்னும் கொஞ்சம் அனுபவம் வரட்டும்” என்று எட்டு மாதம் தள்ளிப் போடுபவர்கள் அன்றாடம் தொடாத பகுதிகளை மறந்துபோகிறார்கள். தினமும் சின்னக் கொள்முதல் மட்டும் செய்பவருக்கு, பேச்சுவார்த்தை மூலம் வழங்கும் ஒப்பந்தத்தின் மதிப்பீட்டுப் படிகள் எட்டு மாதத்தில் ஆவியாகிவிடும்.

சிஓஆர் பயிற்சியில் எண்ணிக்கை முக்கியம், வரிசை அவ்வளவு இல்லை. பொதுவான சிஓஆர் பாடத்தை முதலில் முடியுங்கள், மீதி மணிநேரத்தை உங்கள் ஒப்பந்தத்துக்கு ஏற்ற வகுப்புகளால் நிரப்புங்கள். கட்டுமான ஒப்பந்தத்தைக் கவனிக்கப் போகிறவர் மென்பொருள் கொள்முதல் வகுப்பு எடுத்து 40-ஐ எட்டினால் எண்ணிக்கை சரியாகிவிடும், வேலைத்தளத்தில் கை நடுங்கும்.

பிபிஎம்மில் வகுப்புகளுக்கு மாற்றாக ஈடுகாட்டும் வழியும் உண்டு. வேறு பயிற்சியாலோ அனுபவத்தாலோ குறிப்பிட்ட திறன்கள் ஏற்கெனவே உள்ளன என்று ஆவணம் வைத்து நிரூபிக்கலாம். பிஎம்பி என்ற தனியார் திட்ட மேலாண்மைச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் இந்த வழியை ஏசிஎம்மிடம் கட்டாயம் கேளுங்கள். ஆனால் பிஎம்பி மட்டும் போதும் என்று நம்பாதீர்கள். மத்திய அரசின் கொள்முதல் விதிகளை அது கற்றுத் தருவதில்லை.

2025-இல் மத்திய அரசின் கொள்முதல் விதித்தொகுப்பான ஃபார் முழுவதையும் திருத்தி எழுதும் வேலை தொடங்கியது. பழைய வகுப்புக் குறிப்புகளில் இருக்கும் பிரிவு எண்களை மனப்பாடம் செய்யாதீர்கள். விதி ஏன் இருக்கிறது என்பதைப் படித்தால் எண் மாறினாலும் தேடிப் பிடித்துவிடலாம்.

6. அனுபவத்தை எழுதுவது

திரும்பி வரும் விண்ணப்பங்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் இதனால்தான் திரும்பின. ஆட்களுக்கு அனுபவம் இருந்தது, எழுத்தில் அது தெரியவில்லை.

இரண்டாம் நிலை சிஓஆருக்கு ஒருவர் எழுதியதன் சாரம் இது: “ஒரு வருடமாகப் பல ஒப்பந்தங்களை நிர்வகிக்கும் பொறுப்பில் உள்ளேன். ஒப்பந்ததாரர்களோடு நல்லுறவு பேணி, காலத்தில் பணி முடிய உதவினேன்.”

இதைப் படிப்பவர் என்ன செய்வார்? எந்த ஒப்பந்தம், எவ்வளவு காலம், கையால் என்ன செய்தார் என ஒன்றும் இல்லை. அவரை உட்காரவைத்துப் பேசியபோது நிஜக் கதை வந்தது. அதை இப்படி மாற்றினோம்: “14 மாதமாக ஒரு ஹெல்ப் டெஸ்க் சேவை ஒப்பந்தத்தைக் கண்காணிக்கிறேன், மணிநேரக் கட்டண அடிப்படை. மாதாமாதம் இன்வாய்ஸை டைம்ஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இரண்டு மாதங்களில் விடுமுறை நாளுக்கும் மணிநேரம் போட்டிருந்ததைக் கண்டு ஒப்பந்த அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்தேன், இன்வாய்ஸ் திருத்தி வந்தது. தரக் கண்காணிப்புத் திட்டத்தின்படி காலாண்டு அறிக்கை எழுதுகிறேன். சிபார்ஸ் (ஒப்பந்ததாரரின் செயல்திறன்) மதிப்பீட்டின் வரைவைத் தயாரித்தேன்.” மறு வாரம் ஒப்புதல் வந்தது.

கவனித்தீர்களா, ‘பொறுப்பு’ என்ற சொல்லே இரண்டாவதில் இல்லை. ஒவ்வொரு வரியிலும் ஒரு செயல், அதற்கு ஒரு தாள் இருக்கிறது. கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

தேதிகளில் கவனம். மாதமும் ஆண்டும் எழுதுங்கள். ஒரே காலத்தில் மூன்று ஒப்பந்தங்களைப் பார்த்தால் அது மூன்று வருட அனுபவம் ஆகாது, ஒரு வருடம்தான். பிபிஎம் விண்ணப்பத்தில் 5 ஆண்டு, 10 ஆண்டு என்ற எல்லை இருப்பதால், பழைய அனுபவத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் அது மெல்லக் காலாவதியாகும். முக்கால்வாசி நாளும் புரோகிராம் எழுதி, கால்வாசி நாள் திட்ட மேலாண்மை செய்தவர் அதை முழு வருடமாகக் காட்டினால் சூப்பர்வைசர் கையெழுத்துப் போடத் தயங்குவார். அது நியாயம்தான்.

ஒரு பழக்கம் சொல்கிறேன். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த மாதம் செய்ததை நாலு வரி எழுதி வையுங்கள். விண்ணப்பம் எழுதும் நாளில் மின்னஞ்சலைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

7. விண்ணப்பம்

தாள்கள் எல்லாம் கையில் இருக்கும்போது ஒரே மூச்சில் போடுங்கள். பாதியைப் போட்டுவிட்டு மீதியைப் பிறகு சேர்க்கலாம் என்றால், திருப்பி அனுப்பப்பட்டு வரிசையின் கடைசிக்குப் போவீர்கள்.

வெளியில் எடுத்த வகுப்புகளின் சான்றைப் பிடிஎஃப்பாக ஏற்ற வேண்டும். அதில் உங்கள் பெயர், வகுப்பின் பெயர், முடித்த தேதி, மணிநேரம் நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரின் வடிவமும் பொருந்த வேண்டும். தகப்பனார் பெயரை இனிஷியலாகப் போடும் நம் பழக்கத்தால் ஒரு தாளில் ‘எஸ். கண்ணன்’, இன்னொன்றில் ‘கண்ணன் சுப்பையா’, மூன்றாவதில் முன்பின் மாறி ‘சுப்பையா கண்ணன்’ என்று இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். சரிபார்ப்பவருக்கு மூன்று பேர். வகுப்பில் சேரும்போதே அலுவலகப் பதிவில் உள்ளபடி பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

அனுப்பிய பிறகு சூப்பர்வைசரிடம் வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தளத்திலிருந்து தானாக வரும் மின்னஞ்சலை யாரும் உடனே திறப்பதில்லை.

8. சான்றிதழ் வந்தது, அதிகாரம் இன்னும் வரவில்லை

எல்லாவற்றையும்விட ஆபத்தான குழப்பம் இதுதான். எஃப்ஏசி-சி கையில் இருந்தாலும் அரசை ஒப்பந்தத்தில் கட்டிப்போட உங்களுக்கு உரிமை இல்லை. அதற்கு எஸ்எஃப்-1402 படிவத்தில் வரும் வாரண்ட் (ஒப்பந்த அதிகாரியாக நியமிக்கும் ஆணை) வேண்டும், அதில் எழுதியிருக்கும் வரம்புக்குள்தான் கையெழுத்துப் போடலாம். சிஓஆருக்கு ஒப்பந்த அதிகாரி எழுத்தில் தரும் நியமனக் கடிதம் வேண்டும், அது அந்த ஒரு ஒப்பந்தத்துக்கு மட்டும். இன்னொரு ஒப்பந்தம் என்றால் இன்னொரு கடிதம்.

கடிதம் வந்தபிறகும் விலை, அளவு, தரம், காலக்கெடு அல்லது வேறு நிபந்தனை எதையும் மாற்ற சிஓஆருக்கு அதிகாரம் கிடையாது. இது எல்லாருக்கும் தெரியும், வகுப்பில் பத்து தடவை சொல்வார்கள். ஆனால் தவறு நடப்பது எப்படி என்றால், கூட்டம் முடிந்து எழுந்திருக்கும்போது, “அந்த ரிப்போர்ட்டில் இன்னும் ரெண்டு கிளையையும் சேர்த்துடுங்களேன்” என்று ஒரு வார்த்தை. ஒப்பந்ததாரர் சேர்த்துவிடுவார். அப்புறம் அதற்கு பில் வரும். அங்கீகாரமில்லாத வாக்குறுதியாகி, அதைப் பின்னேற்பு செய்யலாமா (நடந்தபின் அங்கீகரிக்கலாமா) என்று மேலதிகாரிகள் வரை காகிதம் போகும். நீங்கள் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் கடிதம் வந்த அன்றே இரண்டு வேலை செய்யுங்கள். ‘செய்யக் கூடாதவை’ பட்டியலை அச்செடுத்துக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள். ஒப்பந்ததாரர் எதையாவது கேட்டால் சொல்ல ஒரு வாக்கியத்தைப் பழகிக்கொள்ளுங்கள்: “ஒப்பந்த அதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறேன்.” பல ஏஜென்சிகளில் ஓஜிஇ 450 என்ற நிதி விவரப் படிவமும் இந்த நேரத்தில் கேட்பார்கள். பங்குகளின் விவரத்தைத் தயாராக வையுங்கள்.

9. தொடர்கல்விப் புள்ளிகள்

சான்றிதழை உயிரோடு வைத்திருக்க இரண்டாண்டுக்கு ஒரு முறை சிஎல்பி என்ற புள்ளிகள் சேர்க்க வேண்டும். எஃப்ஏசி-சிக்கு 100. பிபிஎம்முக்கு 80. சிஓஆர் முதல் நிலைக்கு 8, மற்ற இரண்டுக்கும் 40. பொதுவாக ஒரு மணிநேரப் பயிற்சிக்கு ஒரு புள்ளி.

சுழற்சி உங்கள் சான்றிதழ் தேதியை வைத்து ஓடுவதில்லை. இரட்டைப்படை ஆண்டின் மே 1-இல் தொடங்கி, அடுத்த இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரல் 30-இல் முடிகிறது. “நான் அக்டோபரில்தானே வாங்கினேன், அக்டோபர் வரை நேரம் இருக்கிறது” என்ற கணக்கு தப்பு. பிஎம்பியும் வைத்திருப்பவர்கள் இன்னும் குழம்புவார்கள், ஏனென்றால் அதற்கு 3 ஆண்டில் 60 பிடியு (அதன் சொந்தத் தொடர்கல்விப் புள்ளி). இரண்டு தேதியையும் காலண்டரில் தனித்தனியாகப் போடுங்கள்.

100 புள்ளியை இரண்டாண்டுக்குப் பிரித்தால் மாதம் நாலு மணிநேரத்துக்குச் சற்று மேல். மார்ச் மாதம் நினைவு வந்து 70 புள்ளிக்கு அலைபவர்களுக்கு இது தெரிந்த கணக்குதான், ஆனாலும் அலைவார்கள். வெளி வகுப்புகளின் தாளை முடித்த வாரமே ஏற்றிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்த நிறுவனத்தின் இணைப்பே வேலை செய்யாது.

10. ஏஜென்சி மாறும்போது

சான்றிதழ் சிவில் ஏஜென்சிகளுக்குள் உங்களோடு வரும். வாரண்டும் நியமனக் கடிதமும் வராது. கிளம்பும் முன் சிஎஸ்ஓடியிலிருந்து சான்றிதழ், பயிற்சி வரலாறு, புள்ளிக் கணக்கு மூன்றையும் இறக்கிச் சொந்தக் கோப்பில் வையுங்கள். உங்கள் சிஓஆர் கோப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்து, நியமனம் முடிந்தது என்று ஒப்பந்த அதிகாரியிடம் எழுத்தில் வாங்குங்கள். வாங்காமல் போனால், நீங்கள் புது அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது பழைய ஒப்பந்தத்தின் இன்வாய்ஸ் உங்கள் பெயருக்கு வந்துகொண்டிருக்கும்.

புது இடத்தில் முதல் நாள் செய்ய வேண்டியது நாலாவது படி: சுயவிவரப் பக்கம், சூப்பர்வைசர் பெயர்.